வெள்ளைப் பூ என்றேன்

எனக்கு எழுபத்தைந்து வயது நடக்கிறது. முப்பத்தாறு ஆண்டுகள் தொடக்கப் பள்ளியில் பாடம் சொல்லிக் கொடுத்தவன். 'பொய் சொல்லலாகாது' என்பதை ஆயிரக்கணக்கான குழந்தைகளுக்குப் பலகையில் எழுதிக் காட்டியவன். அத்தகைய நான் மூன்று ஆண்டுகளுக்கு முன் ஒரு பொய் சொன்னேன். அதனை ஆண்டவன் பெயரால் சொன்னேன் என்பதே இன்றளவும் நெஞ்சை உறுத்துவது. பேரன் பேத்திகளைக் கல்லூரிக்கு அனுப்பும் நிலையில் உள்ள அன்பர்கள் பலர் இந்த இதழைப் படிக்கிறீர்கள். யாரேனும் ஒருவருக்குப் பயன்படக் கூடுமென்றே இதனை எழுதத் துணிந்தேன்.

எங்கள் ஊர் கணியம்பாடி. வேலூரிலிருந்து ஆரணிக்கும் திருவண்ணாமலைக்கும் செல்லும் வழியில் உள்ளது. மேற்கே தலையுயர்த்தினால் ஜவ்வாது மலை. அமிர்தி காட்டுக்குச் செல்வோர் எங்கள் ஊரிலிருந்துதான் பிரிந்து போக வேண்டும். மலையிலிருந்து இறங்கும் நாகநதி, நான் சிறுவனாக இருந்தபோது ஆண்டில் பல மாதங்கள் ஓடியது. பிறகு வறண்டு மணலாயிற்று. அண்மைக் காலத்தில் எங்கள் ஒன்றியத்துப் பெண்கள் வேலை உறுதித் திட்டத்தில் மண்வெட்டி பிடித்து, நீரை நிலத்துக்குள் இறக்கும் உறைகிணறுகளை ஊர் ஊராகத் தோண்டினார்கள். அதன் பயனாய் இறந்த ஆற்றுக்கு மீண்டும் உயிர் வந்ததை இந்தக் கண்களால் கண்டேன்.

ஆற்றைப் பற்றிச் சொன்னதற்குக் காரணம் உண்டு. நதி வறண்டிருந்த நாளில் எங்கள் ஆழ்துளைக் கிணற்று மோட்டார் அடிக்கடி எரிந்து போகும். அதற்குக் காயில் கட்ட வருபவரின் பக்கத்தில் என் பேத்தி குந்தி உட்கார்ந்து கொள்வாள். செப்புக் கம்பி எத்தனை சுற்று, ஏன் எரிகிறது, மின்னழுத்தம் குறைந்தால் மோட்டார் ஏன் சூடாகிறது என்று ஓயாமல் கேட்பாள். அப்போது அவளுக்கு ஒன்பது வயது. அந்த ஆர்வம் பிளஸ் டூ வரையிலும் குறையவில்லை. நல்ல மதிப்பெண் பெற்றாள். கணிதத்துக்கு நூறு, இயற்பியலுக்கு ஐம்பது, வேதியியலுக்கு ஐம்பது என்று இருநூற்றுக்குக் கணக்கிடுகிறார்களே, அந்தக் கட் ஆஃப் அவளுக்கு 196 வந்தது. எங்கள் குடும்பத்தில் பட்டம் பெறப் போகும் முதல் ஆள் அவள்தான். நான் இடைநிலை ஆசிரியப் பயிற்சியோடு நின்றவன். என் மகன் பன்னிரண்டாம் வகுப்போடு நிறுத்திக் கொண்டு கடை வைத்தவன்.

இரண்டு கதவுகள் திறந்தன. ஒன்று, காட்பாடியில் உள்ள வி.ஐ.டி. 1984-இல் வேலூர் பொறியியற் கல்லூரி என்று தொடங்கி, 2001-இல் நிகர்நிலைப் பல்கலைக்கழகமாக உயர்ந்த நிறுவனம். நாடெங்கிலுமிருந்து பிள்ளைகள் நுழைவுத் தேர்வு எழுதி வருகிறார்கள். தரவரிசை தாழத் தாழ, அதே பாடத்துக்குக் கட்டணம் படிப்படியாக ஏறும். பேத்திக்குக் கணினி அறிவியல் கிடைத்தது, ஆனால் நடுத்தரமான படியில். முன்பணம் கட்டி இடத்தைப் பிடித்து வைத்தோம்.

மற்றொன்று, கோவை பீளமேட்டில் உள்ள பி.எஸ்.ஜி. தொழில்நுட்பக் கல்லூரி. மாநிலக் கலந்தாய்வில் அங்கே மின்னியல் பொறியியல் கிடைத்தது. 2007 முதல் தமிழகத்தில் இதற்கு நுழைவுத் தேர்வு கிடையாது, பிளஸ் டூ மதிப்பெண்ணே போதும். அந்தக் கல்லூரி 1951-இல் பிறந்தது. அதனை நடத்தும் அறநிலையம் 1926-இல் ஏற்பட்டது. பி.எஸ்.கோவிந்தசாமி நாயுடுவின் புதல்வர் நால்வரும் குடும்பச் சொத்தைப் பிரிக்கும்போது, ஐந்து பங்காக்கி, ஐந்தாம் பங்கைத் தர்மத்துக்கென்று ஒதுக்கினார்கள் என்பது கோவையில் அனைவரும் அறிந்த செய்தி. தர்மத்தையும் ஓர் உடன்பிறப்பாக எண்ணியவர்கள் வைத்த விளக்கு அது. அதன் நிழலிலேயே மோட்டாரும் பம்பும் செய்யும் தொழிற்கூடமும் வளர்ந்தது. இந்தச் செய்தி தெரிந்த அன்று பேத்தியின் முகம் மலர்ந்ததை நான் பார்த்தேன். பார்த்தும் பாராதவன் போல் இருந்தேன்.

ஏன் என்றால், காட்பாடி எங்கள் வீட்டிலிருந்து ஏறத்தாழ 20 கிலோமீட்டர்தான். காலையில் போய் மாலையில் வீடு திரும்பலாம். கோவையோ காட்பாடியிலிருந்தே 360 கிலோமீட்டருக்கு மேல். விடுதியில்தான் தங்க வேண்டும். அப்போது எனக்கு இரு கண்களிலும் புரை. நாளிதழையும், இரவில் புராணத்தில் ஓர் அத்தியாயத்தையும் பேத்திதான் படித்துக் காட்டுவாள். சர்க்கரை மாத்திரையை வேளை தவறாமல் எடுத்து வைப்பவளும் அவளே. அவள் இல்லாத திண்ணையை என்னால் எண்ணிப் பார்க்க முடியவில்லை.

இதனை நான் வாய்விட்டுச் சொல்லவில்லை. அதற்கு மாறாக, நியாயங்களை அடுக்கினேன். "கணினி படித்தால் உடனே வேலை", "வயதுப் பெண்ணைத் தூரத்தில் விடுவதா", "விடுதிச் சாப்பாடு உடம்புக்கு ஆகாது" என்றெல்லாம் சொன்னேன். மகனுக்குப் பணக் கவலை இருந்தது. கலந்தாய்வில் சேர்ந்தால் முதல் பட்டதாரிக்கு அரசு தரும் கட்டணச் சலுகை உண்டு, கோவையில் கிடைத்ததோ அரசு உதவி பெறும் பிரிவு, ஆகவே விடுதிச் செலவைச் சேர்த்தாலும் அதுவே குறைவு என்று அவன் கணக்குப் போட்டான். மருமகளுக்கு மகளைப் பிரிய மனமில்லை, கடன் வாங்கவும் மனமில்லை. என் மனைவி மட்டும், "அவளை யாராவது கேட்டீர்களா?" என்றாள். அந்தக் கேள்வியை எல்லோரும் கேட்டோம். ஒருவரும் பதில் சொல்லவில்லை. கலந்தாய்வு இடத்துக்கு இரண்டு நாளுக்குள் இசைவு தெரிவித்தாக வேண்டும்.

அப்பொழுதுதான் நான், "பிள்ளையாரையே கேட்டு விடலாம். பூக்கட்டிப் பார்ப்போம்" என்றேன். வீடு முழுவதும் நிம்மதி அடைந்தது. நம் பொறுப்பை ஒருவர் ஏற்றுக் கொண்டால் மனிதனுக்கு எவ்வளவு ஆறுதல்!

பூக்கட்டிப் பார்க்கும் வழக்கம் உங்களுக்குத் தெரியாததன்று. வெள்ளைப் பூ ஒன்று, சிவப்புப் பூ ஒன்று. தனித்தனியே ஒரே அளவான தாளில் மடித்துச் சந்நிதியில் வைத்து, மனமொன்றி வேண்டி, ஒன்றும் அறியாத ஒரு குழந்தையை எடுக்கச் சொல்வது. எங்கள் வீட்டுத் திருமணங்கள், நிலம் வாங்கியது, கிணறு வெட்டியது எல்லாம் இப்படிக் கேட்டு நடந்தவையே. வேலூருக்கு நந்தியாவட்டை, கோவைக்குச் செவ்வரளி என்று வீட்டிலேயே முடிவாயிற்று. மற்றவர்கள் வரவில்லை. "நீங்களே போய் வாருங்கள், மாமா" என்றாள் மருமகள்.

மாலை ஆறரை மணி. குருக்கள் விளக்கேற்றி, பொட்டலங்களைப் பிள்ளையாரின் திருவடியில் வைத்துத் தீபம் காட்டினார். பக்கத்து வீட்டுக் குழந்தை, ஐந்து வயதுப் பெண், பாட்டியுடன் வந்திருந்தாள். அவளை அழைத்து ஒன்றை எடுக்கச் சொன்னோம். சிறிதும் தயங்காமல் எடுத்து என் கையில் வைத்தாள். குருக்கள் மற்றொன்றையும் எடுத்துத் தட்டோடு என்னிடம் நீட்டிவிட்டு, அடுத்தவரின் அருச்சனைக்குத் திரும்பினார்.

பிராகாரத்து மூலைக்குச் சென்று பிரித்தேன். செவ்வரளி.

சிறிது நேரம் அங்கேயே நின்றேன். பிறகு அந்தப் பூவை மடித்து இடுப்பு வேட்டியில் செருகிக் கொண்டேன். மற்றப் பொட்டலத்தைப் பிரித்து, நந்தியாவட்டையை உள்ளங்கையில் வைத்துக் கொண்டு வீட்டுக்கு நடந்தேன். வாசலிலேயே எல்லோரும் நின்றிருந்தார்கள். கையை விரித்தேன். "வெள்ளைப் பூ" என்றேன்.

மனைவி பூவைக் கண்ணில் ஒற்றிக் கொண்டாள். பேத்தி ஒரு கணம் பூவையே பார்த்தாள். "சரி, தாத்தா" என்றாள். விபூதியை எடுத்து இட்டுக் கொண்டு உள்ளே போனாள். அன்றிரவும் வழக்கம் போல் எனக்குப் புராணம் படித்துக் காட்டினாள். குரலில் ஒரு குறையும் இல்லை. அதுதான் தாங்க முடியவில்லை.

படுத்தேன். உறக்கம் வரவில்லை. இடுப்பில் இருந்த பூ, முள் போல் இருந்தது.

எங்கள் பகுதி அன்பர்களுக்கு அப்பைய தீட்சிதரை அறிமுகம் செய்ய வேண்டியதில்லை. ஆரணிக்கு அருகே அடையபலத்தில், 16-ஆம் நூற்றாண்டில் அவதரித்தவர். வேலூரை ஆண்ட சின்ன பொம்ம நாயக்கர் அவரைப் போற்றினார். தம் ஊரில் அவர் எழுப்பிய காளகண்டேசுவரர் கோயிலில் மாணவர் ஐந்நூறு பேர் அமர்ந்து சைவ வேதாந்தம் கற்றார்கள் என்பர். அந்த மகான் ஒரு நாள் தம்மைத் தாமே சோதிக்க எண்ணினாராம். 'தெளிவாக இருக்கும்போது ஈசனை நினைப்பது பெரிதன்று, புத்தி பேதலிக்கும் போது என் வாயிலிருந்து என்ன வரும்?' என்று அறிய ஊமத்தையை உண்டு, தாம் பிதற்றுவதை எழுதி வைக்குமாறு சீடர்களிடம் சொன்னார். மயக்கத்தில் அவர் வாயிலிருந்து வந்த ஐம்பது சுலோகங்களே ஆத்மார்ப்பண துதி. இந்த வரலாற்றைப் பள்ளியில் எத்தனையோ முறை குழந்தைகளுக்குச் சொல்லியிருக்கிறேன். அந்த இரவில் அது எனக்கே திரும்பி வந்தது. அவர் தம்மைச் சோதித்தார். உள்ளே சிவன் இருந்தான். நான் கடவுளைச் சோதிக்கப் போய், என்னை அறிந்து கொண்டேன். என் உள்ளே இருந்தது என் திண்ணை, என் நாளிதழ், என் மாத்திரை.

இன்னொன்றும் நினைவுக்கு வந்தது. 1967-இல் நான் எஸ்.எஸ்.எல்.சி. முடித்தேன். சென்னை மயிலாப்பூரில், இராமகிருஷ்ண மடத்தைச் சார்ந்து 1946-இல் தொடங்கிய விவேகானந்தா கல்லூரியில் புகுமுக வகுப்பில் சேர வேண்டுமென்று எனக்குப் பேராவல். என் தலைமையாசிரியரும் அதற்கு உதவுவதாகச் சொல்லியிருந்தார். என் தந்தை கோயிலில் பூக்கட்டிப் பார்த்து வந்து, "உள்ளூரிலேயே இருக்கச் சொல்லிப் பூ வந்தது" என்றார். நான் ஆசிரியப் பயிற்சிக்குச் சென்றேன். அதனால் கெட்டுப் போய்விடவில்லை. நல்ல வாழ்வுதான் வாழ்ந்தேன். ஐம்பத்தைந்து ஆண்டுகளாக அதனை இறைவன் கட்டளை என்றே நம்பி வந்தேன். அந்த இரவில்தான், பொட்டலம் பிரிக்கப்பட்டதை நான் பார்க்கவில்லையே என்று முதன்முதலாகத் தோன்றியது. தந்தையார் பொய் சொல்லியிருக்க மாட்டார் என்றே இன்றும் கருதுகிறேன். ஆனால் என் பொய், அவர் சொல்லின் மீதும் எனக்கு ஐயத்தை விளைவித்து விட்டது. நாளை என் பேத்திக்கும் இப்படி ஓர் ஐயம் எழுந்தால், என்னை மட்டுமா ஐயுறுவாள்? அந்தப் பிள்ளையாரையும் அல்லவா ஐயுறுவாள்?

விடியற்காலை நான்கு மணிக்கு எழுந்து நீராடிக் கோயிலுக்குப் போனேன். நடை திறக்கக் காத்திருந்து, குருக்களிடம் நடந்ததைச் சொன்னேன். அவர் என்னைவிட இருபது வயது இளையவர், என் மாணவர். சற்று நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "ஐயா, இரண்டும் நமக்குச் சமமாக இருந்து, எது வந்தாலும் ஏற்போம் என்ற நிலையில்தான் பூ வைத்துக் கேட்க வேண்டும். ஒன்றை மனத்தில் முடிவு செய்துவிட்டுக் கேட்டால் அது கேள்வியே இல்லை, சிபாரிசு. போகட்டும். சுவாமி கோபித்துக் கொள்ள மாட்டார். நீங்கள் அவரிடம் மன்னிப்புக் கேட்பதற்கு முன் வீட்டுக்குப் போங்கள்" என்றார்.

மகன் கணினி மையத்துக்குப் புறப்பட்டுக் கொண்டிருந்தான், கோவை இடத்தை வேண்டாமென்று தெரிவிக்க. அவனைத் தடுத்து, எல்லோரையும் கூடத்தில் உட்கார வைத்து, வாடிய செவ்வரளியை நடுவில் வைத்தேன். நடந்ததைக் கூட்டாமல் குறைக்காமல் சொன்னேன். "அவளைப் பிரிய எனக்கு மனம் வரவில்லை. அவ்வளவுதான். மற்றவை எல்லாம் அதற்கு நான் போட்ட போர்வை" என்றேன். மகன் எழுந்து வெளியே போய்விட்டான். மனைவி முந்தானையால் முகத்தைத் துடைத்துக் கொண்டாள். நான் பேத்தியைப் பார்க்கவும் துணியவில்லை.

அவள்தான் பேசினாள். "தாத்தா, இப்போது சிவப்புப் பூ வந்தது என்பதற்காக நான் கோவைக்குப் போக வேண்டுமா?"

நான் திகைத்தேன்.

"பூவுக்காகப் போக வேண்டாம். எனக்கு மதியம் வரை நேரம் கொடுங்கள். நானே பார்த்துச் சொல்கிறேன்" என்றாள்.

அந்த அரை நாளில் அவள் செய்ததைப் பார்த்தபோதுதான், இத்தனை நாளும் நாங்கள் யாரும் இதனைச் செய்யவில்லையே என்று வெட்கமாயிற்று. ஒரு தாளை இரண்டாக மடித்து, இரண்டு கல்லூரிகளுக்கும் நான்கு ஆண்டுச் செலவைக் கட்டணம், விடுதி, பயணம் என்று தனித்தனியே எழுதினாள். எங்கே படித்தால் பட்டம் யார் பெயரில் வரும் என்று கேட்டறிந்தாள். நிகர்நிலைப் பல்கலைக்கழகம் தன் பெயரிலேயே பட்டம் தரும். தன்னாட்சிக் கல்லூரி பாடத்திட்டமும் தேர்வும் தானே அமைத்துக் கொள்ளும், பட்டம் மட்டும் அண்ணா பல்கலைக்கழகத்துடையது. இரண்டும் மதிப்புடையனவே. கட்டிய முன்பணம் எந்த நாளுக்குள் விலகினால் திரும்பும் என்று விதியைப் படித்தாள். இரு கல்லூரிகளிலும் படிக்கும் தன் பள்ளி அக்காமார்களிடம் தொலைபேசியில் பேசினாள். வி.ஐ.டி.யில் பாடங்களையும் ஆசிரியர்களையும் மாணவர்களே ஓரளவு தேர்ந்து கொள்ளலாம் என்பது அவளை மிகவும் ஈர்த்தது. அதனைத் தாளில் வி.ஐ.டி. பக்கம் பெரிதாக எழுதினாள். நேர்மையான தராசு அது.

மதியம், சாப்பாட்டுக்கு முன், "கோவைக்குப் போகிறேன். கணினி எனக்குப் பிடிக்கும், ஆனால் மோட்டார்தான் எனக்குத் தெரிய வேண்டும்" என்றாள். பிறகு என் பக்கம் திரும்பி, "நேற்றே நீங்கள் 'போகாதே அம்மா, எனக்குக் கஷ்டமாக இருக்கும்' என்று சொல்லியிருந்தால் நான் இருந்திருந்தாலும் இருந்திருப்பேன், தாத்தா. அதையும் ஒரு வரியாக எழுதி யோசித்திருப்பேன்" என்றாள். குற்றம் சாட்டும் குரலில் அதனைச் சொல்லவில்லை. என் வாழ்நாளில் நான் பெற்ற தண்டனைகளில் அதுவே பெரியது.

புறப்படுமுன் அவளை வேலூர்க் கோட்டைக்கு அழைத்துச் சென்றோம். ஜலகண்டேசுவரர் கோயில் பல நூற்றாண்டுகள் வழிபாடின்றிக் கிடந்ததும், சத்துவாச்சாரியில் இருந்த சிவலிங்கம் 1981 மார்ச்சு மாதம் கோட்டைக்குள் எழுந்தருளியதும் மூத்த அன்பர்களுக்கு நினைவிருக்கும். அந்த நாளில் கூட்டத்தில் நானும் நின்றேன். எனக்கு அப்போது முப்பது கடந்திருந்தது. "சுவாமி வந்துவிட்டார்" என்று அழுத முதியவர்களை இன்றும் மறக்கவில்லை. கல்யாண மண்டபத்துச் சிற்பங்களைப் பேத்திக்குக் காட்டிக் கொண்டே அதனைச் சொன்னேன். ஊர் அவரை மறக்கவில்லை, அவரும் ஊரைக் கைவிடவில்லை, தூரம் எதையும் அழித்துவிடவில்லை. அகிலாண்டேசுவரி சந்நிதியில் அவள் கண்மூடி நின்ற போது, முதன்முறையாக எனக்கென்று ஒன்றும் கேட்காமல் கும்பிட்டேன்.

காட்பாடி நிலையத்தில் காலை வண்டி. ஏறும்போது காலைத் தொட்டுக் கும்பிட்டு, "மாத்திரைப் பெட்டியில் கிழமை எழுதி வைத்திருக்கிறேன், தாத்தா" என்றாள். வண்டி ஜோலார்ப்பேட்டைப் பக்கம் வளைந்து மறையும் வரை நின்றோம். வீடு திரும்பும் வழியெல்லாம் மகன் பேசவில்லை. வீட்டு வாசலில், "காபி குடிக்கிறீர்களா, அப்பா?" என்று கேட்டான். அன்று காலை எழுந்து வெளியே போனவன், அப்போதுதான் என்னிடம் திரும்பி வந்தான்.

கட்டிய முன்பணத்தில் பெரும்பகுதி விதிப்படி திரும்பியது. மறு மாதமே புரைக்கு அறுவை செய்து கொண்டேன். பேத்தி இருந்தவரை தள்ளிப் போட்டுக் கொண்டே இருந்தது அது. அவள் படித்துக் காட்டும் சுகத்துக்காகவே என் கண்ணை நான் கவனிக்காமல் இருந்தேன் என்பது அப்போதுதான் விளங்கிற்று.

அன்பர்களே, பூக்கட்டிப் பார்க்க வேண்டாம் என்று நான் சொல்ல வரவில்லை. இன்றும் நான் அந்தச் சந்நிதியில் கேட்பவன்தான். ஆனால் பிள்ளைகளின் படிப்பைப் பற்றியது என்றால், முதலில் பிள்ளையைக் கேளுங்கள். பிறகு செலவு, பாடம், தூரம், பாதுகாப்பு இவற்றைத் தாளில் எழுதிப் பாருங்கள். உங்கள் ஆசை என்ன, உங்கள் அச்சம் என்ன என்பதையும் மறைக்காமல் அதே தாளில் எழுதுங்கள். அதற்குப் பின்பும் இரண்டும் சமமாக நின்றால் சந்நிதிக்குப் போங்கள். எந்தப் பூ வந்தாலும் அதனைத் திறந்த கையில் ஏந்தி வீட்டுக்கு வாருங்கள்.

பேத்தி இப்போது இறுதியாண்டு. விடுமுறைக்கு வந்தால் மோட்டார் அறைக்குள் போய்விடுகிறாள். அன்று பொட்டலம் எடுத்துக் கொடுத்த பக்கத்து வீட்டுக் குழந்தைக்கு எட்டு வயது. மாலையில் திண்ணைக்கு வந்து, எழுத்துக் கூட்டி எனக்கு நாளிதழ் படித்துக் காட்டுகிறாள். கண் நன்றாகத் தெரிந்தும் நான் கேட்டுக் கொண்டிருக்கிறேன். அவள் தவறாகப் படிக்கும் இடத்தைத் திருத்துகிறேன். பெரியவளானதும் எங்கே படிக்கப் போகிறாய் என்று ஒரு நாள் கேட்டேன். "யோசித்துச் சொல்கிறேன், தாத்தா" என்றாள். பிள்ளையாரப்பன் அவளுக்கு நல்ல யோசனையையும், அவள் வீட்டுப் பெரியவர்களுக்குக் கேட்கும் காதையும் அருளட்டும்.